பூங்காவனத்தின் இடது கண்

ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் போன், என்னைப் பேசக் கூப்பிட்டு. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தபோது "கொஞ்சம் பேச்சைக் குறைங்க தாஸ்" என்றுதான் கேட்டிருக்கிறேன். முகாம் பிரிவை இப்போது கவனிக்கும் நிவேதாதான் பேசியது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வைக்கிறார்களாம்.

"சார், கிராமத்துல லோக்கல் பார்ட்னர்ஷிப் எப்படிப் பண்ணணும்னு நீங்கதான் சொல்லணும். பதினஞ்சு நிமிசம். ரெண்டு சக்சஸ் ஸ்டோரி போதும்."

"சக்சஸ்னு சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கும்மா. அதச் சொல்லட்டுமா?"

"அதுக்கு ஸ்லைடு இல்ல சார்."

நல்ல பெண். பொய் சொல்லத் தெரியாது. ஸ்லைடு இல்லாத காரணத்தால் எழுதி வைக்கிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும், மற்றவர்கள் பதினைந்து நிமிடத்தோடு எழுந்து போகட்டும்.

என் பெயர் ஆரோக்கியதாஸ். கடலூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கண் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை உதவியாளனாகச் சேர்ந்து, முகாம் அமைப்பாளனாக வெளியே வந்தவன். பயிற்சிக் காலம் இரண்டு வருடம். முதல் வருடம் டார்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் வருடம், டார்ச் பிடிப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள். முதல் பாடம் எனக்கு நன்றாக வந்தது.

முகாம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் கண்ணில் புரை விழுந்தவர்கள் தாமாகக் கடலூருக்கு வர மாட்டார்கள். அழைத்து வர ஆள் இருக்காது, அறுவடை இருக்கும், ஆடி மாதம் இருக்கும், பயம் எப்போதும் இருக்கும். அதனால் நாங்கள் போவோம். ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் பார்வை, கண் அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வருவோம். மறுநாள் ஆபரேஷன், இரண்டு நாள் தங்கல், கறுப்புக் கண்ணாடியோடு வீடு. எல்லாம் இலவசம். இதற்கு இடம், தண்ணீர், நிழல், பஸ், சாப்பாடு வேண்டும். அதைக் கொடுக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதருக்குத்தான் பார்ட்னர் என்று பெயர். பதிலுக்கு அவர் பேனர் வைத்துக்கொள்வார். கண் படம் ஓரமாகச் சின்னதாக இருக்கும். அவர் படம் நடுவில் இருக்கும்.

எத்தனை விதமான பார்ட்னர்கள்! வடலூர்ப் பக்கம் ஒருவர் போட்ட சாப்பாட்டில் அப்பளம் மட்டும் மூன்று வகை. கண் நன்றாகத் தெரிகிறவர்களெல்லாம் வரிசையில் நின்றார்கள். ஒருவர் பந்திக்கு முன் ஒரு தரமும் பந்திக்குப் பின் ஒரு தரமும் கண் காட்டினார். "காலைல மங்கலா இருந்துச்சு சார், சாப்ட்டதும் பளிச்சுனு ஆயிடுச்சு" என்றார். கடலூரில் எங்கள் பங்குச் சாமியார் மாதா கோயில் மண்டபத்தைக் கொடுத்தார், ஆனால் பூசை முடிந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். அன்றைக்கென்று பிரசங்கம் நீண்டது. பூசைக்கு வராத இந்துக் கிழவர்கள் வாசலில் உட்கார்ந்து முழுப் பிரசங்கத்தையும் கேட்டார்கள். பங்கு மக்கள் பாதிப் பேர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் புவனகிரியில் இருந்தார். பெயர் தங்கராசு. சொந்தமாக அரிசி ஆலை, இரண்டு பஸ். வியாபாரிகள் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. கூப்பிட்ட நேரத்துக்குப் பஸ் கொடுப்பார். வயதானவர்களைத் தானே கைபிடித்து ஏற்றிவிடுவார். மைக்கையும் கேமராவையும் பார்த்தால்தான் வேறு ஆளாகிவிடுவார்.

அவருடைய முதல் முகாமில் ஒரு வேடிக்கை. உள்ளே பார்ப்பதற்காகக் கண்ணின் பாவையை விரிய வைக்கும் சொட்டு மருந்து ஒன்று உண்டு. அதை விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் தாங்காது, கண்ணில் தண்ணீர் கொட்டும். திறப்பு விழா காலை எட்டுக்கு என்றார்கள். எட்டும் ஆயிற்று, ஒன்பதும் ஆயிற்று, விழாவைக் காணோம். நேரம் வீணாகிறதே என்று நான் எல்லோருக்கும் மருந்து விட்டுவிட்டேன். பத்து மணிக்கு மாலையும் சால்வையுமாகத் தங்கராசு வந்து இறங்கினார். அத்தனை பேரையும் பள்ளிக்கூட மைதானத்தில், மேடைக்கு எதிரே, சூரியனைப் பார்த்து உட்கார வைத்தார்கள். அவர் பேசப் பேச ஐம்பது அறுபது பேரும் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார்கள். முந்தானையால் துடைக்கிறார்கள், துண்டால் துடைக்கிறார்கள், நிற்கவே இல்லை. தங்கராசு சால்வை நுனியால் தன் கண்ணையும் ஒற்றிக்கொண்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் என் தோளைப் பிடித்தார். "பாத்தீங்களா தாஸ் சார். நம்ம பேச்சு இவ்ளோ தூரம் உள்ள எறங்குதுன்னு எனக்கே தெரியாது போங்க."

நான் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த முகாமுக்கு அவர் பஸ் வேண்டியிருந்தது. அடுத்த முகாமில் அவர் இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகப் பேசினார். இதை நான் வருடக்கணக்கில் சிரிப்புக் கதையாகச் சொல்லித் திரிந்தவன். பஸ்ஸுக்காக வாயை மூடும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் தலைமை டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அவர் டாக்டர் அம்மா. ஐந்தடிகூட இருக்க மாட்டார். குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியர்வரை எல்லோரையும் "நீங்க" என்பார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அது மறுபடி மூக்கில் ஏறும்வரை அந்த அறையில் ஒருவரும் பேச மாட்டோம். நோயாளியின் தாளைக் கீழிருந்து மேலாகப் படிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கையெழுத்து கீழதான இருக்கு? யாரு போட்டதுன்னு பாத்தா, மேல எழுதுனத எவ்ளோ நம்பலாம்னு தெரிஞ்சிடும்."

என் கையெழுத்தைப் பார்த்தால் மேலே படிக்காமலே அடுத்த தாளுக்குப் போய்விடுவார். எனக்குத் தலை கால் புரியாத பெருமை.

அவர் வகுத்த முறை ஒன்று இருந்தது. ஆபரேஷனுக்குத் தேர்வானவருக்கு எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேலே, நெற்றியில், விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்திரி. டாக்டர் சொல்ல, நர்ஸ் அங்கேயே ஒட்ட வேண்டும். காரணம் இருக்கிறது. ஒரே பஸ்ஸில் மூன்று கோவிந்தம்மாள் வருவார்கள். தாள் கை மாறும், நெற்றி மாறாது. தாளில் ஒன்றும் நெற்றியில் ஒன்றும் இருந்தால் நெற்றியை நம்பு என்பது எங்கள் வேதம். அதோடு, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முகாம் ஆள் இரண்டு கண்ணுக்கும் திரும்ப டார்ச் அடித்து, வெளிச்சம் தெரிகிறதா, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் நான்.

பூங்காவனம் என்ற அம்மாள் வந்தது தங்கராசுவின் நாலாவது முகாமுக்கு. புவனகிரிச் சந்தையில் கருவாடு விற்கிறவர். வயது அறுபதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம். புருஷன் இல்லை, ஒரே மகளைச் சீர்காழியில் கட்டிக்கொடுத்திருந்தார். இரண்டு வருடமாக இரண்டு கண்ணும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் கைபிடித்துச் சந்தையில் கொண்டு வந்து உட்கார வைத்தால், நெத்திலி எது, வாளை எது, சுறா எது என்று விரலாலும் மூக்காலும் பிரித்து வியாபாரம் பண்ணுவார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் போய்விட்டால் சந்தையும் இல்லை, சோறும் இல்லை. அதனால்தான் வந்தார்.

டாக்டர் அம்மாவே பார்த்தார். இரண்டு கண்ணிலும் பால் போல வெள்ளையாகப் புரை. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வலது கண்ணில் டார்ச் அடித்தார்.

"வெளிச்சம் தெரியுதாம்மா?"

"எங்க அடிக்கிறீங்க? அடிங்க, சொல்றேன்."

அடித்துக்கொண்டுதான் இருந்தார். இடது கண்ணில் அடித்ததும் அம்மாள், "இந்தா மேல, இப்ப கீழ, இப்ப மூக்குப் பக்கம்" என்று கடகடவென்று சொன்னார். டாக்டர் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"வலதுல ரொம்ப நாள் முன்னாடியே அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போச்சு. அதுல புரைய எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. இடதுதான் இவங்களுக்குக் கண்ணு. அதுவும் முத்திப் போயி நிக்குது. வெடிச்சா இதுவும் வலது மாதிரி ஆயிடும். தள்ளக் கூடாது தாஸ்."

இடது புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. டாக்டர் அம்மா காரில் கடலூருக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றும் முன் போட்டோ. இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, நடுவில் தங்கராசு. அவருக்கு முகம் சுளித்தது.

"என்னா சார் இது, அடிபட்டு வந்த கூட்டமாட்டம் ஒட்டுத் துணியோட? பேப்பர்ல பாக்கறவன் நான்தான் அடிச்சேன்னு நெனப்பான். எடுத்துடலாம்."

"எடுக்கக் கூடாதுங்க. டாக்டர் ஒட்டுனது."

"ரெண்டு நிமிசம் சார். எடுத்துட்டுத் திரும்ப ஒட்டிக்கப் போறோம். டிரைவர் வேற, வண்டிய எடுக்கட்டுமான்னு கேக்குறான்."

வண்டி அவருடையது. நான் சொன்னேனே, பழக்கம். "சிஸ்டர், பாத்து ஒட்டுங்க" என்று பொதுவாகக் காற்றில் ஒரு வார்த்தை விட்டுவிட்டு, கருவிகளைப் பெட்டியில் அடுக்கப் போய்விட்டேன். அந்தப் பெட்டியை அடுக்க ஐந்து நிமிடம் போதும். அன்றைக்கு இருபது நிமிடம் அடுக்கினேன். சிஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே மருந்து எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு விசாரித்தபோது தெரிந்த கதை இது. பிளாஸ்திரி இல்லாமல் ஒரு படம் எடுத்தார்கள். அப்புறம் போட்டோக்காரருக்கு யோசனை வந்தது. பிளாஸ்திரி இல்லாவிட்டால் இவர்கள் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்று எப்படித் தெரியும்? சரி, ஒட்டி இன்னொரு படம். சங்கத்து ஆட்கள் மளமளவென்று ஒட்டினார்கள். எந்தப் பக்கம்? வெயில் வலது பக்கமிருந்து அடித்தது. "எல்லாருக்கும் ஒரே பக்கமா ஒட்டுங்கப்பா, அப்பதான் எடுப்பா இருக்கும்" என்றாராம் தங்கராசு. இருபத்திரண்டு நெற்றியிலும் வலது பக்கம் பிளாஸ்திரி. படம் நிஜமாகவே எடுப்பாகத்தான் வந்திருந்தது.

நான் பெட்டியோடு வந்தேன். எல்லோர் நெற்றியிலும் பிளாஸ்திரி இருந்தது. அப்பாடா என்று ஏறி உட்கார்ந்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து குரல். "ஏம்ப்பா, கண்ணாஸ்பத்திரித் தம்பி. இந்த ஒட்டுத் துணிய மாத்தி ஒட்டிட்டானுங்கப்பா. இது செத்த கண்ணு. அந்தம்மா இடது பக்கம்ல சொல்லுச்சு?"

பூங்காவனம். எனக்கு அன்றைக்குக் காலையிலிருந்து சாப்பாடு இல்லை. இருபத்திரண்டு தாளும் மடியில் இருந்தன. பயந்துபோய் ஆபரேஷனைத் தட்டிக்கழிக்க ஆயிரம் கதை சொல்லும் ஆட்களைப் பார்த்தவன் நான். அப்படித்தான் நினைத்தேன்.

"சும்மா வாம்மா. டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது?"

"அதில்லப்பா..."

"சும்மா வான்னு சொல்றேன்ல."

சும்மா வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரத் தாமதம். சர்க்கரை, ரத்த அழுத்தம், படுக்கை, சாப்பாடு என்று ஒரே ஓட்டம். டார்ச் அடிக்கும் வேலையை விட்டுவிட்டேன். காலையில் டாக்டர் அம்மாவே அடித்ததுதானே, நெற்றியில்தான் ஒட்டியிருக்கிறதே. தாள்களைப் புரட்டினால் ஏழெட்டில் இடது என்றிருந்தது, நெற்றியில் வலது. முகாமில் எழுதிய பையன் தூங்கி வழிந்திருப்பான் என்று திட்டிக்கொண்டே, வேதப்படி, ஒவ்வொன்றிலும் இடதை அடித்து வலது என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

காலையில் முதல் ஆள் பூங்காவனம். இரண்டு கண்ணும் தெரியாதவர்களுக்கு முதல் இடம் என்பது டாக்டர் அம்மாவின் கருணை. தாளைக் கீழிருந்து பார்த்தார், என் கையெழுத்து, நம்பினார். வலது கண்ணில் ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் நிஜமாகவே வலது கண்காரர்கள். நாலாவது ஒரு பெரியவர். மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்துவிட்டார். பிளாஸ்திரி ஒட்டிய கண்ணில் புரையே இல்லை.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தியேட்டருக்கு வெளியே வந்து நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து யாருக்காவது டார்ச் அடிச்சீங்களா தாஸ்?"

"இல்ல மேடம்."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் பூங்காவனம் சொன்னதையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மீதிப் பத்தொன்பது பேரையும் அங்கேயே உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் அவரே டார்ச் அடித்துக் கேட்டார். நான் பின்னால் நின்று பிளாஸ்திரி பிரித்தேன்.

மத்தியானம் நிர்வாக அதிகாரி அறையில் கூட்டம். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "அந்தக் கண்ல நரம்பு வீக்கு, அதனால தெரியலன்னு சொல்லிடலாமே மேடம். பொய்யும் இல்லையே." போனில் தங்கராசுவைப் பிடித்தார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று கேட்டது. "ஆபரேஷன்னா முன்ன பின்ன இருக்கும் சார். அது அவுங்க தலையெழுத்து. நம்ம சங்கத்து பேரு மட்டும் வெளிய வராம பாத்துக்குங்க." பேர் வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று அவர் வாயால் சொன்னதை அன்று ஒரு நாள்தான் கேட்டேன். நானும் சும்மா இருக்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நிர்வாக அதிகாரி சொன்னதற்கு நான் தலையாட்டினேன்.

டாக்டர் அம்மா எழுந்து தியேட்டருக்குப் போய்விட்டார். மறுநாள் காலை வார்டுக்குப் போய்க் கட்டை அவரே பிரித்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

பூங்காவனம் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். "இருட்டாவேல்ல இருக்கு?"

"உங்களுக்கு இடது கண்ணுலதாம்மா செஞ்சிருக்கணும். மாத்தி வலதுல செஞ்சிட்டேன். தப்பு எங்க மேல. என் கையால நடந்தது. இடது கண்ணு அப்படியே பத்திரமா இருக்கு. அத செஞ்சா தெரியும்."

பூங்காவனம் கட்டில் விளிம்பைத் தடவிப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "பஸ்ஸுல வந்த ஆளு எங்க?" என்றார்.

"இருக்கேம்மா."

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"கெஞ்சாத கொறையா சொன்னேன். டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமான்னு கேட்டியே. எங் கண்ணு எனக்குத் தெரியாதாய்யா?"

இடது கண்ணுக்குச் சம்மதிக்கவே இல்லை. "ஒண்ண அறுத்துட்டீங்க. இருக்கற ஒண்ணையும் தூக்கிக் குடுக்க நான் என்ன பைத்தியமா?" என்று மகளை வரவழைத்துக் கிளம்பிவிட்டார். யார் அவரைக் குறை சொல்வது? செய்தி சந்தை வழியாகப் போயிற்று. எங்கள் போன் லைனைவிட வேகம். அடுத்து சிதம்பரத்துக்குப் பக்கத்தில் போட்ட முகாமுக்கு வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அதிலும் ஒருவர் டெண்ட் போட்டவர்.

டாக்டர் அம்மா என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். "வாராவாரம் சந்தைக்குப் போங்க" என்றார். "போயி உக்காருங்க. சமாதானம் சொல்லாதீங்க. கூப்பிடாதீங்க. அவங்க கேட்டா பதில் சொல்லுங்க. கண்ணு செவந்திருந்தாலோ வலிக்குதுன்னு சொன்னாலோ ஒடனே எனக்கு போன் பண்ணுங்க."

முதல் வாரம் போனேன். சந்தை வாசலில் தங்கராசுவின் ஆளுயர ஃபிளெக்ஸ். 'கண்ணொளி தந்த வள்ளலே' என்று மேலே. கீழே அந்த எடுப்பான படம். வலது நெற்றியில் பிளாஸ்திரியோடு பூங்காவனம் முதல் வரிசையில் நிற்கிறார். அதற்கு நேர் எதிரே, நாலடி தள்ளி, கண் தெரியாத பூங்காவனம் உட்கார்ந்து கருவாடு விற்கிறார். எனக்கு அங்கேயே ஓடிவிடலாம் போல இருந்தது. ஃபிளெக்ஸில் இருப்பதை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் வாரம் போனால் அது வாசலில் இல்லை. கருவாட்டுக்கு அடியில் விரித்திருந்தார். தங்கராசுவின் மீசை மேல் நெத்திலி, சால்வை மேல் வாளை.

"நல்லா கெட்டியா இருக்குப்பா" என்றார், நான் வந்திருப்பது தெரிந்து. "ஈரம் ஏறல."

அதோடு வியாபாரத்துக்குத் திரும்பிவிடுவார். நானும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கண் சிவந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. புரை நாளுக்கு நாள் முத்திக்கொண்டிருந்தது. ராத்தூக்கம் கெட்டது எனக்கு. என் வீட்டில், "யாருகிட்டதான் வாராவாரம் கருவாடு வாங்கிட்டு வர்றீங்க, ரெண்டு மாசமா இந்த நாத்தம்" என்று சண்டை.

பத்தாவது வாரமோ என்னவோ, அந்தப் பெண் கல்யாணமாகிப் போயிருந்தாள். பூங்காவனத்தை யாரோ டீக்கடைக்காரர் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். சந்தை நிரம்பி வழிந்தது. அவராகவே கேட்டார்.

"ஏம்ப்பா, அன்னிக்கி என்னதான் நடந்துச்சு? முழுசா சொல்லு."

போட்டோவிலிருந்து கையெழுத்துவரை ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"இத எங்கிட்ட மட்டும் சொன்னா? எந்திரிச்சு நின்னு சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

நூறு மேடை போட்டவன் நான். எனக்கென்று ஒரு மேடை கிடைத்தது அன்றைக்குத்தான். மைக் இல்லை, சால்வை இல்லை. கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் நின்று, "நான் கண் ஆஸ்பத்திரி ஆளுங்க. இந்த அம்மாவுக்கு இடது கண்ணுல செய்ய வேண்டியத வலதுல செய்ய வெச்சது நான்தான். இவங்க சொன்னாங்க, நான் கேக்கல. தாள்ல இருந்தத நானே திருத்துனேன்" என்றேன். பக்கத்துக் கடைக்குக்கூட எட்டியிருக்காது. "சத்தமா" என்றார் பூங்காவனம். மறுபடி சொன்னேன். கூட்டம் கூடியது. ஒருவர் என் குடும்பத்தை விசாரித்த விதத்தை இங்கே எழுத முடியாது. அதற்குள் யாரோ போய்ச் சொல்லித் தங்கராசுவே ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ் தாஸு, என்னாய்யா பண்ற? சங்கத்து மானம் போவுதுய்யா! நாளைக்கு வண்டி வேணும்னு எங்கிட்டதான வந்து நிப்ப?"

"வேணாங்க" என்றேன். "டவுன் பஸ்ஸு இருக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

மிளகாய் விற்கிற ஒரு பெண் கேட்டாள். "இருக்கட்டும்யா. இப்ப அந்தம்மாவுக்கு அந்த இன்னொரு கண்ணு தெரியுமா தெரியாதா? அதச் சொல்லு."

"சீக்கிரம் வந்தா தெரியும். தள்ளிப் போட்டா தெரியாது."

எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அவர் வாளையை ஒரு பக்கமும் சுறாவை ஒரு பக்கமும் ஒதுக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டார். "வர்றேன். ஒட்டுத் துணி கூடாது. எங் கண்ணுக்கு நானே கைய வெச்சிக்குவேன்."

இந்த இடத்தில் நிவேதாவுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் முறை அதற்குப் பிறகு மாறியது. பிளாஸ்திரி இன்றும் உண்டு. ஆனால் ஒட்டுவதற்கு முன் நோயாளியே தன் விரலால் எந்தக் கண் என்று தொட்டுக் காட்ட வேண்டும், ஒவ்வொரு இடத்திலும். புவனகிரிப் பக்கம் போடும் முகாமுக்கு எங்கள் பார்ட்னர் யார் என்று கேட்டால், பேனரில் போட ஒருவரும் இல்லை. சந்தையில் பூங்காவனம் யார் யாருக்குக் கண் மங்கல் என்று பார்த்து, "போயி காட்டிட்டு வா, எந்தக் கண்ணுன்னு சொன்னாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லு" என்று அனுப்புவார். டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து இறங்குவார்கள். திறப்பு விழா கிடையாது. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கே ஆரம்பித்தோம்.

அவர் வந்த நாளைச் சொல்கிறேன். மகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கேட்டிலேயே இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். பதிவு மேசையில் பொத்தியபடி. சர்க்கரை பார்க்க விரலைக் கேட்டபோது வலது கையை நீட்டினார், இடது கை இறங்கவில்லை. அன்று இரண்டு கண்ணுக்கும் மூன்று தரம் டார்ச் அடித்தேன். ஒவ்வொரு தரமும் விரலைக் கொஞ்சம் விலக்கி வெளிச்சத்தைச் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். சொட்டு மருந்து விடும்போதும் அப்படித்தான். தியேட்டர் மேசையில் படுத்த பிறகும் கை கண் மேல்தான் இருந்தது.

டாக்டர் அம்மா குனிந்தார். "கைய எடுக்கலாமாம்மா?"

"மொதல்ல எந்தக் கண்ணுன்னு நீ சொல்லு."

"இடது கண்ணு."

"அந்தாளும் சொல்லட்டும்."

நான் கதவோரம் நின்றேன். "இடது கண்ணும்மா" என்றேன்.

"இப்ப எடுக்கறேன்" என்று பூங்காவனம் கையை இறக்கினார்.

முத்திய புரை. வழக்கத்தைவிட இரண்டு பங்கு நேரம் ஆயிற்று. இருக்கிற ஒரே கண் என்று தெரிந்து கத்தி பிடிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த டாக்டர் அம்மா போய் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தோம். வார்டில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அம்மா விரலைக் காட்டி, "எத்தனைம்மா?" என்றார். பூங்காவனம் விரலைப் பார்க்கவில்லை. டாக்டர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினூண்டா இருக்கியே" என்றார். ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்து, "மெலிஞ்சிட்டடி" என்றார். மகள் அழுதாள். அப்புறம் கேட்டார்.

"பஸ்ஸுல வந்த ஆளு யாரு?"

"நான்தாம்மா."

கிட்டே வரச் சொன்னார். போய்க் குனிந்தேன். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று நிதானமாக, கருவாடு தரம் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கொரல வெச்சு பெரிய படிச்ச ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்றார். "இந்த மூஞ்சிய அன்னிக்கே பாத்திருந்தா வாய மூடிகிட்டு வந்திருக்க மாட்டேன்யா."

வார்டே சிரித்தது. டாக்டர் அம்மாகூடச் சிரித்தார். நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன். கண்ணில் மருந்து ஒன்றும் விட்டிருக்கவில்லை.